ஏட்டில் உள்ளதும் நாவில் வருவதும்

அகிலத்திரட்டு அம்மானையை அரிகோபாலன் சீடர் 1841-இல் எழுதினார். அய்யா உள்ளிருந்து சொல்லத் தாம் எழுதியதாகவே அவர் உரைக்கிறார். ஒரு சொல்லையும் தமதென்று உரிமை கொள்ளவில்லை. 1939-இல் அச்சேறும்வரை ஏறத்தாழ நூறு ஆண்டு அது ஓலையிலிருந்து ஓலைக்குக் கையால் பெயர்த்து எழுதப்பட்டே வந்தது.

ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறில் நெடில் வேறுபாடும் பல இடங்களில் தெரியாது. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒன்றுபோலவே நிற்கும். வாசிப்பைக் காதால் கேட்டுப் பழகியவரே அதைச் சரியாகப் படிப்பார். ஆகவே ஏட்டோடு, கேட்டு வளர்ந்த நாவும் வேண்டியிருந்தது.

மதுரைக்கு இந்தக் கவலை மிகப் பழையது. இறையனார் களவியலின் 60 சூத்திரங்களுக்குப் புலவர் பலர் உரை சொன்னார்கள். மெய்யுரை எதுவென்று காண, வாய் பேசாத உருத்திரசன்மன் என்னும் சிறுவனை இருத்தினர். நக்கீரர் உரைக்கு அவன் சொல்தோறும் கண்ணீர் வார்த்தான் என்பது அந்த உரையே கூறும் கதை. கதை ஒருபுறம் இருக்க, வேறொன்று கவனிக்கத் தக்கது. நக்கீரர் தொடங்கி யார் யாருக்குச் சொன்னார் என்று, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பெயர் பெயராக அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்று கைபேசியில் வரும் குரல் பதிவுக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வந்து மதுரையிலும் சுற்றூர்களிலும் குடியேறிய அன்புக்கொடி மக்களின் பிள்ளைகள் பலர் அகிலத்தை முதலில் கேட்பதே அதில்தான். பாட்டும் பேசுபவரின் விளக்கமும் அதில் ஒன்றாய்க் கலந்திருக்கும். நாலாவது கைக்குப் போகும்போது விளக்கமும் ‘அய்யா சொன்னது’ ஆகிவிடும். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்றுகூட அய்யா பெயரில் வருகிறது. காணிக்கையே வேண்டாம் என்றவர் பெயரில் இப்படி ஒரு பேரம்!

பதிவு செய்து அனுப்புவது தவறில்லை. பாட்டை முழுதாக வாசித்து நிறுத்தி, ‘இனி விளக்கம்’ என்று சொல்லிவிட்டு விளக்கலாம். வாசித்தவர் பெயரும், எந்தப் பதிப்பு என்பதும் கூடவே வரட்டும். பதிப்புகளுக்குள் பாட வேறுபாடு உண்டு. பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை.

கார்த்திகையில் பல தாங்கல்களில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. அதில் ஒரு நாளாவது பிள்ளையை அழைத்துப் போய், நாலு வரி வாசிக்கச் சொல்லலாம். தவறும் இடத்தில் பெரியவர்கள் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

அய்யா உண்டு.