மழையும் வியர்வையும்

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல் நிலம். ஆண்டின் பெரும்பகுதி வானம் பார்த்துக் கிடக்கும் அந்நிலம், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் முகம் மலர்கிறது. அந்நாள்களில் மேற்கே மலைப்பக்கம் கறுத்து மழை இறங்குவது பெரும்பாலும் மாலைப் பொழுதில். பள்ளி விடுவதும் அப்பொழுதே. பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் வந்து பயிலும் மாணவர் நடுவழியில் மழையிடம் அகப்பட்டுக் கொள்கின்றனர். நனைந்த கரிசல் மண்ணோ பசையாகி, சக்கரத்திற்கும் மட்கார்டிற்கும் இடையே அடைத்துக் கொள்ளும். வண்டி மனிதனைச் சுமந்தது போய், மனிதன் வண்டியைச் சுமக்க நேரும்.

இம்மழைக்கு உழவர் கண்ட காப்பு கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொண்டால், முதுகு முழுதும் மறையும். கைகள் இரண்டும் வேலைக்கு ஒழிவாக இருக்கும். பண்டு பனையோலையிலும் இத்தகைய காப்புச் செய்தனர். சணற்சாக்கின் இடத்தை இன்று உரச்சாக்கு பிடித்துக் கொண்டது. குனிந்து நாற்று நடுபவர்க்கும் களை பறிப்பவர்க்கும் இதனினும் பொருத்தமான உடை இல்லை. ஆயினும் மிதிவண்டி ஊர்பவர்க்கு இது காற்றில் பறந்துவிடும். குடையோ ஒரு கையைப் பறித்துக் கொள்ளும். ஒரு கையால் குடை பிடித்து, மறுகையால் வண்டி செலுத்துவோர் பெருவழியில் எதிரே லாரி வரும்போது எந்தக் கையால் இரண்டு தடைகளையும் பிடிப்பர்?

ஆகவே மாணவன் ஒருவன் கடைக்குச் சென்று பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்று வாங்குகிறான் என்று கொள்வோம். மறுநாளே மழை பெய்கிறது. கோட்டைக் கழுத்துவரை பூட்டிக் கொண்டு, மூன்று மைல் மிதித்து வீடு சேர்கிறான். கழற்றிப் பார்த்தால் உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. “கடைக்காரர் ஓட்டைக் கோட்டை விற்றுவிட்டார்” என்று அவன் சினந்து, கோட்டினுள் நீரை நிரப்பித் தொங்கவிட்டுச் சோதிக்கிறான். ஒரு துளியும் ஒழுகவில்லை! அவனை நனைத்தது வானத்து நீர் அன்று. அவன் உடலின் நீரே.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? மிதிக்கும் ஒருவன் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாகிறது. எஞ்சிய முக்காற்பங்கு வெப்பமாகி உடலைச் சூடேற்றுகிறது. அவ்வெப்பத்தைப் போக்க உடல் கையாளும் வழி வியர்த்தல். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்லும். கடுமையாக மிதிப்பவன் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்ப்பான். அந்நீர் ஆவியாகி வெளியேற வழியில்லையாயின், வியர்த்தும் பயனில்லை. வெப்பமும் தணியாது, உடையும் உலராது. வண்டியை நிறுத்தியபின் அந்த ஈரத்தின் மீது குளிர்காற்று படும்போது உடல் நடுங்கும்.

எனவே மழைக்கோட்டுக்கு உரிய கடமை இரண்டு: வெளிநீரை உள்ளே விடாதிருத்தல், உள்ளாவியை வெளியே விடுதல். கதவை அடைத்துக் கொண்டே காற்றோட்டம் வேண்டுவது போன்ற முரணான கடமைகள் இவை. இவற்றை ஒருங்கே நிறைவேற்ற மனிதன் இருநூறு ஆண்டுகளாக முயன்று வருகிறான்.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்து வேதியியலார் சார்லசு மக்கின்டாசு, நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதனை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-இல் காப்புரிமை பெற்றார். மழை தடைப்பட்டது, ஆயினும் அக்காலத்து ரப்பர் குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை பின்னர் வந்து அக்குறையைப் போக்கிற்று. வியர்வை என்னும் குறை மட்டும் அப்படியே நின்றது. இந்தியாவில் இத்தொழிலை நிலைநாட்டியவர் சுரேந்திர மோகன் போஸ். அவர் கல்கத்தாவில் 1920-இல் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் மழைக்கோட்டுகள் ‘டக்பேக்’ என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டன. ‘வாத்தின் முதுகு’ என்பது அச்சொல்லின் பொருள். வாத்து நீரில் முழுகி எழுந்தாலும் அதன் முதுகில் நீர் ஒட்டாதன்றோ? பெயர் பொருத்தமே, எனினும் வாத்து மிதிவண்டி மிதிப்பதில்லை.

ரப்பரை அறவே விட்டு, பருத்தியைக் கொண்டே மழையை வெல்ல முயன்ற வரலாறு கரிசல் மண்ணில் பருத்தி விளைவிப்போர் அறிந்து மகிழத்தக்கது. இரண்டாம் உலகப்போரில், வடகடல்களில் செல்லும் கப்பல்களுக்குக் காவலாகப் பறந்த பிரிட்டானிய வானோடிகள், விமானம் வீழ்ந்து கடலில் குதிக்க நேர்ந்தால் சில நிமிடங்களில் குளிரால் மாண்டனர். நீர்புகா உடையை அவர்கள் எப்போதும் அணிந்திருக்கலாகாதோ எனின், ரப்பர் உடைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் வியர்வையில் நனைந்து விடுவர். மான்செஸ்டர் நகரத்து ஷெர்லி ஆய்வு நிலையத்தார் இதற்கு ஒரு துணி கண்டனர். மிக நீண்ட இழையுடைய பருத்தியை நூற்று, நெருக்கமாக நெய்த அத்துணிக்கு ‘வென்டைல்’ என்று பெயர். உலர்ந்திருக்கும்போது இழைகளின் நடுவே ஆவி செல்லும்; நீர் பட்டவுடன் பருத்தி இழைகள் பருத்து அவ்விடைவெளிகளைத் தாமே அடைத்துக் கொள்ளும். உயிர் தப்பும் நேரம் அவ்வுடையால் இருபது நிமிடம் வரை நீண்டது என்பர். பூச்சு ஒன்றும் இல்லாமல், இழையின் இயல்பையே காவலாக்கிய இத்திறம் வியக்கத்தக்கது. ஆனால் நனைந்தால் அது கனக்கும், உலர நெடுநேரம் ஆகும், விலையும் மிகுதி. தென்மாவட்டக் கரிசலில் விளைந்துவந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழையுடையதாதலின், இத்துணிக்கு உதவாது.

அடுத்த பெருமாற்றம் 1969-இல் அமெரிக்காவில் நேர்ந்தது. ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் என்னும் பொருளாலான கோல்களைச் சூடாக்கி, மெல்ல மெல்ல இழுத்து நீட்ட முயன்றார். கோல்கள் ஒடிந்தவண்ணமே இருந்தன. பொறுமை இழந்து ஒன்றை வெடுக்கென இழுத்தார். ஒடியவேண்டிய கோல் ஏறத்தாழப் பத்து மடங்கு நீண்டது! அப்பொருளை மென்படலமாக்கியபோது, கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்துளைகள் அதில் அமைந்திருந்தன. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை அவை. நீராவியின் மூலக்கூறோ எளிதில் நுழையும். ‘கோர்-டெக்ஸ்’ என்று பெயர் பெற்ற இப்படலத்தைத் துணிகளோடு ஒட்டிச் செய்த மேலங்கிகள் 1970-களில் விற்பனைக்கு வந்தன. மலையேறுவோரும் மிதிவண்டி வீரரும் அவற்றை விரும்பி ஏற்றனர்.

அவ்வாறாயின் டி. கல்லுப்பட்டி மாணவனுக்கும் அதுவே ஏற்றது என்று முடிவு கட்டலாமா? இங்கேதான் நின்று எண்ணவேண்டும்.

இவ்வகை மேலங்கிகளின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு எண்கள் காணப்படும். 10,000 மி.மீ. என்பது, பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதைக் குறிக்கும். 10,000 கிராம் என்பது, ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளிவிடும் ஆவியின் எடை. இதனை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 417 கிராம் வருகிறது. அரை லிட்டர் வியர்ப்பவனுக்கு இது போதும் போலத் தோன்றும். ஆனால் படலம் ஆவியைத் தானாக வெளியே தள்ளுவதில்லை; உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால், அந்த வேறுபாடே ஆவியைத் தள்ளும். 34 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஈரத் தோலருகே ஆவியழுத்தம் ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம். ஐந்து டிகிரிக் குளிரில், மழையால் ஈரம் நிறைந்த காற்றில்கூட அது ஆறரை மி.மீ. அளவே. வேறுபாடு முப்பத்து மூன்றுக்கு மேல். மதுரைச் சமவெளியின் ஐப்பசி மழையில் காற்று 25 டிகிரி இருக்குமாயின், வெளியழுத்தம் 24 மி.மீ. ஆகிவிடும், வேறுபாடு 16 மட்டுமே. குளிர்நாட்டில் தள்ளும் விசையில் பாதிகூட இங்கே இல்லை! கொடைக்கானல் மலைச்சாலையில் குளிர்மழையில் மிதிப்பவனுக்கு நற்றுணையாகும் அங்கி, கல்லுப்பட்டிச் சாலையில் சோம்பிவிடுகிறது. அதன் விலையோ சாதாரண மிதிவண்டி ஒன்றின் விலையையே விஞ்சக்கூடும்.

பொருளை அது விளங்கும் இடத்தோடு சேர்த்தே மதிப்பிட்ட அறிஞர் ஒருவர் இவ்வூரில் வாழ்ந்தார். 1940-இல் தோன்றிய இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதியாண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பாவே அவர். இலண்டனில் கணக்காய்வு பயின்று, மேனாட்டுப் பட்டுடை அணிந்து திரிந்த அவர், 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். மாறியதோடு நில்லாமல், வேட்டியையும் பைஜாமாவையும் இணைத்து ‘தோத்திஜாமா’ என்றோர் உடையைத் தாமே வகுத்து உடுத்தினார்.

அந்நோக்கில் பார்த்தால், வெம்மழைக்கு ஏற்ற விடை துணியில் இல்லை, தையலில் உள்ளது. கைச்சட்டை போல் உடலை இறுக்காமல், தோளிலிருந்து கைப்பிடிவரை கூடாரம்போல் கவிழும் மழைப்போர்வையே அது. மேனாடுகளில் தபால்காரரும் காவலரும் நெடுங்காலம் மிதிவண்டியில் அணிந்தது இதுவே. இதன் முன்விளிம்பில் தைத்த வளையங்களைப் பெருவிரல்களில் மாட்டிக்கொண்டால், கைகளும் மடியும் மறையும். கீழே முழுதும் திறந்திருத்தலால் காற்று தாராளமாக ஏறி வியர்வையை வாரிச் செல்லும். துணி ஆவியை விடவேண்டிய தேவையே இல்லை. மலிவான பூச்சுத்துணியே போதும். முழங்காலுக்குக் கீழ் நனையும். வெம்மழையில் அதனால் கேடில்லை.

இதற்கும் குறையுண்டு. கரிசற்காட்டின் திறந்த வெளியில் பக்கக் காற்று வீசினால் போர்வை பாயாகிவிடும். அதனை அடக்க இடுப்பளவில் உட்புறமாக ஒரு நாடா வேண்டும். பின்விளிம்பு சக்கரத்தில் சிக்காத நீளத்தில் முடியவேண்டும். தலைமூடி, தலை திரும்பும்போது உடன் திரும்பவேண்டும். இல்லையேல் பின்னே வரும் பேருந்தைக் காணத் திரும்பும் கண், துணியைத்தான் காணும். மழை இருளில் பிறர் கண்ணுக்குப் புலப்பட மஞ்சள் நிறமே நன்று.

கைச்சட்டை வடிவத்தையே வேண்டுவோர், அக்குளிலும் முதுகிலும் காற்றுவாய் உள்ளதைத் தேர்க. தையல்களில் ஊசித்துளைகளை மறைக்கும் நாடா உட்புறம் ஒட்டப்பட்டுள்ளதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். மழை முதலில் நுழைவது அங்கேதான். புறத்துணியில் நீர் தாமரையிலை மேல் உருள்வதுபோல் உருள்கிறதா என்பதையும் நோக்குக. அப்பூச்சுத் தேய்ந்து புறத்துணி ஊறிவிட்டால், உள்ளே எத்தகைய படலம் இருந்தும் ஆவி போகாது. நெடுங்காலம் அப்பூச்சுக்குப் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குவது தெரியவந்தபின், செய்வோர் பலர் அவற்றைக் கைவிட்டு வருகின்றனர்.

துணி ஆவியை விடுமா என்று அறிய வாயால் ஊதிப் பார்ப்பார் உளர். காற்றைத் தடுக்கும் படலமும் ஆவியை விடுமாதலின் அது சோதனையாகாது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அதன் வாயில் துணியைக் கட்டி, குளிர்ந்த கண்ணாடிக் குவளை ஒன்றை மேலே கவிழ்த்து வைத்தல் வேண்டும். சிறிது நேரத்தில் குவளையின் உட்புறம் பனித்தால், துணி ஆவியை விடுகிறது. இதே சோதனையைப் பிளாஸ்டிக் கோட்டின் துண்டு ஒன்றைக் கட்டியும் செய்து, இரண்டு குவளைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.