பூனை வாலடியை நக்கிக்கொண்டே இருந்தால்

தோட்ட மருத்துவமனைக்கு வருகிறவர்களில் சிலர், தங்கள் மருந்தை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் வாசலில் நிற்பார்கள். "ஐயா, நம்ம வீட்டுப் பூனைக்குப் பின்னாலே வீங்கிப்போயி ஒரே நாத்தமா இருக்கு. அதுக்கு ஏதாச்சும் மருந்து உண்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மனுசனுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் பூனையைப் பற்றிப் பேசலாமா என்று கூச்சம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. லயத்து வீட்டில் அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது பூனைதான். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் எவ்வளவு கொடியது என்பது தோட்டத்தில் வேலை செய்யும் நமக்குத் தெரியும். அந்தப் பூனை பிள்ளைகளோடு பாயில் படுத்துத் தூங்குகிற ஜீவன். அதன் உடம்பு கெட்டால் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

நான் கால்நடை டாக்டர் அல்ல. ஆனாலும் இந்த வீக்கம் எதனால் வருகிறது, வீட்டில் எது வரைக்கும் பார்க்கலாம், எந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்ல முடியும். கடைசியில் சொன்னது முக்கியம். இந்த நோயால் சாகிற பூனையைவிட, நாம் பாசத்தோடு கொடுக்கிற மருந்தால் சாகிற பூனை அதிகம் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பூனையின் மலவாய்க்கு இரண்டு பக்கமும், தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. மலவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 4 மணிக்கும் 8 மணிக்கும் முள் நிற்கிற இடம். டாக்டர்கள் இதை 'ஏனல் கிளாண்ட்' என்பார்கள். நாம் மலவாய்ப் பை என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கடும் வாடையுள்ள ஒரு நீர் ஊறும். ஒரு பூனை இன்னொரு பூனையை அடையாளம் கண்டுகொள்ள இந்த வாடை உதவுகிறது. செம்பனைக் காட்டில் நாய் விரட்டும்போது மூசாங் ஒரு நாற்றத்தை விட்டுவிட்டு ஓடுமே, அதுவும் இதே மாதிரிப் பின்பக்கச் சுரப்பியின் வேலைதான். வீட்டுப் பூனையும் ரொம்பப் பயந்துவிட்டால் மடியிலேயே கொஞ்சம் விட்டுவிடும். அது நோய் இல்லை. துடைத்தால் போச்சு.

கெட்டியான மலம் வெளியே வரும்போது இந்த இரண்டு பைகளையும் அழுத்தும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் ஊசித் துளை போன்ற வாய் வழியாக வெளியேறிவிடும். அதனால் பெரும்பாலான பூனைகளுக்கு ஆயுசு முழுக்க யாரும் பிழிந்துவிட வேண்டியதில்லை. நாயைவிடப் பூனைக்கு இந்தத் தொல்லை குறைவும்கூட. மலம் இளகியே போய்க்கொண்டிருந்தால்தான் சங்கடம். அழுத்தம் கிடைக்காமல் நீர் தேங்கும். நாளாக ஆக அது தடித்துப் பற்பசை மாதிரி ஆகி வாயை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்தில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும், வலிக்கும், காய்ச்சல் வரும். கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு உடையும். நமக்குத் தொடையிலோ அக்குளிலோ வரும் கட்டி எப்படிப் பழுத்து உடைகிறதோ, அதே கதைதான்.

மலம் ஏன் இளகுகிறது என்று பார்த்தால் பாதிக் குற்றம் நம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. நாம் மிச்சமான சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கிறோம். அதில் மிளகாய், புளி, எண்ணெய் எல்லாம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் இருக்கிறது. இந்த இரண்டும் பூனையின் இரத்தத்தையே கெடுக்கக்கூடியவை. அடுத்தது டின் பால். தண்ணீரில் கலக்கி ஒரு மூடியில் ஊற்றி வைத்தால் பூனை ஆசையாய்த்தான் நக்கும். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வயிறு போகும். நான் பேசிப் பார்த்தவரை, 'பால் இல்லாமல் பூனையா' என்கிற நம்பிக்கையை மாற்றுவதுதான் பெரும் பாடு. தண்ணீர் வையுங்கள், போதும்.

இன்னொரு காரணம் கொழுப்பு. இன்றைக்கு ஷா ஆலம் நகரம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். அதே மாதிரிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பத்தோடு பூனையும் போயிற்று. லயத்தில் அது வாய்க்கால் தாண்டும், எலி பிடிக்கும், கூரை ஏறும். நாலாவது மாடியில் என்ன செய்யும்? கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பிளாட் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டு நிறைய உலர் தீனி தின்றுவிட்டு நாற்காலியில் கிடக்கும். உடம்பு பெருத்து, மலவாயைச் சுற்றிக் கொழுப்பு கட்டினால் பை சரியாகக் காலியாகாது. தோட்டத்துப் பூனைக்கு இளகிய மலம், பட்டணத்துப் பூனைக்குப் பருமன் என்று சொல்லலாம். குடல் புழுவும், தெள்ளு கடியால் வரும் தோல் அரிப்பும் இரண்டு இடத்திலும் உண்டு.

இனி அடையாளங்கள். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகும். பூனை அப்படிச் செய்வது குறைவு, பெரும்பாலும் நக்கும். உட்கார்ந்தால் நக்கும், நடந்து போகிற வழியில் திடீரென்று திரும்பி வாலடியைக் கடிக்கும். மணல் தட்டுக்குப் போகப் பயந்து வேறு மூலையில் இருக்கும். வாலைத் தொட்டால் சீறும். அழுகிய மீன் மாதிரி ஒரு வாடை வரும். இந்த நேரத்தில் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஒருவர் பழைய துண்டில் பூனையைச் சுற்றி மடியில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து உப்பியிருந்தால் அநேகமாக மலவாய்ப் பைதான்.

ஆனால் பின்பக்கத் தொல்லை எல்லாமே பை அல்ல. வால் அடியில் முடியோடு ஒட்டிக்கொண்டு அரிசி மாதிரி வெள்ளையாக நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளு மூலமாக வருவது. அதற்குப் பூச்சி மருந்தும் வேண்டும், தெள்ளை ஒழிக்கவும் வேண்டும். உடைந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, நம் சீதோஷ்ணத்தில் புழு சதையைத் தின்றுகொண்டே போகும்.

இரண்டு விஷயங்களில் நேரம் பார்க்காமல் ஓட வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் நாம் மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுக்கமானது. ஒரு சொட்டுக்கூடப் போகாமல் ஒரு நாள் கடந்தால் உயிருக்கு ஆபத்து, இரண்டாம் நாள் பிழைப்பதே கடினம். அடுத்தது எலி மருந்து. செம்பனை மரத்தடியில் வைக்கிற கட்டி மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்கிறது. அந்த எலியைத் தின்ற பூனைக்கும் சில நாள் கழித்து அதே கதி வரலாம். மலவாயில் இரத்தம், மூக்கில் இரத்தம், ஈறு வெளுத்துப்போதல், மூச்சு வாங்குதல் இவற்றைக் கண்டால் பை என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். இதற்கு மாற்று உண்டு, வைட்டமின் கே என்கிற மருந்து. நேரத்தில் போனால் காப்பாற்றலாம். போகும்போது தோட்டத்தில் வைத்த மருந்தின் பெயரை மண்டோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

மலவாய்ப் பைதான் என்று தோன்றினால் வீட்டில் என்ன செய்யலாம்? அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அது வெதுவெதுப்பாக இருக்கும்போது சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, வீங்கிய இடத்தில் ஐந்து நிமிடம் ஒற்றி எடுங்கள். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், குழந்தையின் பால் புட்டியைப் பார்ப்பது போல. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். பூனை நக்காமல் இருக்க, ஐஸ்கிரீம் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி தைத்துக் கழுத்துப் பட்டையாக மாட்டலாம். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் இது போதும். ஒத்தடம் டாக்டருக்குப் பதில் அல்ல.

கையால் பிழிகிற வேலை வேண்டாம். அடைபட்ட பையை முரட்டுத்தனமாக அழுத்தினால் அது உள்பக்கமாகக் கிழிந்து, சீழ் சதைக்குள் பரவும். பிளேடு, ஊசி எதையும் கொண்டு கீறவும் கூடாது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். பெனடோல் கொடுக்கவே கூடாது. பிள்ளைக்குக் கால் மாத்திரை கொடுக்கிறோமே, பூனைக்கு ஒரு துண்டு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெனடோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதன் இரத்தம் பழுப்பு நிறமாகிப் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். முகம் வீங்கி, மூச்சு முட்டிச் சாகும். அரை மாத்திரை ஒரு பூனைக்கு எமன். ஆஸ்பிரின், மூட்டு வலி மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கோடாலித் தைலம், டெட்டால், மண்ணெண்ணெய் இவற்றைத் தடவினாலும் ஆபத்து, தடவியதைப் பூனை நக்கி விழுங்கிவிடும். நாய்க்குப் போடும் தெள்ளு மருந்திலும் பூனைக்கு ஆகாதது இருக்கிறது, டப்பாவில் பூனைப் படம் இல்லாவிட்டால் தொடாதீர்கள். மஞ்சளை அரைத்து உடைந்த புண்ணில் அடைக்கிறார்கள். மஞ்சள் நல்லதுதான், ஆனால் சீழ் வெளியேற வேண்டிய வாயை அடைத்துவிடுகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் கேப்சூலை என்னிடம் காட்டி, "இதுல பாதி கொடுக்கட்டுங்களா?" என்று கேட்டால் என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான்.

செலவை நினைத்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீங்கிய புதிதில் போனால் டாக்டர் பிழிந்து கழுவிவிடுவதோடு முடியலாம். சீழ் வைத்துப் போனால் மயக்க மருந்து, கீறல், ஊசி, மாத்திரை. உடைந்து திரும்பத் திரும்ப வந்தால் பையையே அறுத்து எடுக்கிற ஆபரேசன். ஒவ்வொரு படிக்கும் வெள்ளி கூடிக்கொண்டே போகும். போகும் முன்பு இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குப் போன் செய்து, "பார்க்க எவ்வளவு, பிழிய எவ்வளவு" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே கால்நடை மருத்துவப் படிப்பு 1972-இல், அது விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்தபோதே தொடங்கியது. பொதுமக்களின் பிராணிகளையும் பார்க்கிறார்கள். அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது. கால்நடை இலாகாவின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

நாற்றம் தாங்காமல் பூனையைச் சாக்கில் போட்டுப் பசாரில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வலியோடு இருக்கிற பிராணி அங்கே எத்தனை நாள் தாங்கும்? 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் 2015-ஆம் ஆண்டு பிராணி நலச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை. கொடுமை செய்ததாக நிரூபணமானால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

டாக்டரிடம் கொண்டு போகும்போது மோட்டார் சைக்கிளில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். காற்றுப் போக வழி இருக்கட்டும். எப்போதிருந்து நக்குகிறது, என்ன தின்கிறது, மலம் எப்படி, சிறுநீர் போகிறதா என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தால் புண் ஆறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஆறிய பிறகு எடை குறைய வேண்டிய பூனைக்குத் தீனியை அளந்து வையுங்கள். உப்பில்லாமல் அவித்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி தீனியோடு கலந்தால் சில பூனைகளுக்கு மலம் நன்றாகக் கட்டும். ஏற்கெனவே பூனைத் தீனி வாங்குபவர்கள் உலர் தீனியோடு ஈரத் தீனியும் கொடுக்கலாம். வாங்க முடியாதவர்கள் முள் எடுத்து, உப்பு மிளகாய் போடாமல் அவித்த மீனைச் சோற்றைவிட அதிகமாக வையுங்கள்.

புண்ணைத் தொட்டவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒத்தடத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊறப் போடக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் மணல் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் ஒரு கிருமி பூனையின் மலத்தில் இருக்கக்கூடும். வீட்டுக்காரரோ மாமியாரோ அந்த வேலையைப் பார்க்கட்டும், அதையும் தினமும் பார்க்கட்டும். பிடிக்கும்போது பூனை கடித்துவிட்டாலோ ஆழமாகப் பிறாண்டிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்பால் பத்து பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். பிறாண்டிய இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கட்டியாக எழும்பி, அங்கிருந்து கை மேலே வரிசையாகக் கட்டிகள் வந்தால், பூனைகளிடமிருந்து தொற்றும் ஒரு பூஞ்சைக் காளான் நோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது உண்டு. "வீட்டில் பூனை இருக்கிறது, பிறாண்டியது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துவிடுவோம்.