குளிர்பானம் பயிர் வளர்க்குமா?

பௌர்ணமி கழிந்த காலையில் நம் கிரிவலப் பாதையில் பாதி குடித்த குளிர்பானப் புட்டிகள் பல கிடக்கும். மிச்சத்தை வழியோர மரக்கன்றின் அடியில் ஊற்றி, "சர்க்கரைதானே, செடிக்கும் சத்துதான்" என்பாரும் உண்டு. வேடிக்கைப் பேச்சாகத் தோன்றும் இது ஒருமுறை வயலுக்கே வந்துவிட்டது.

2004-ஆம் ஆண்டில் சத்தீஸ்கர் மாநிலத்தின் துர்க், ராஜ்நாந்த்காவ், தம்தரி மாவட்டங்களில் நெல் விவசாயிகள் சிலர் கோகோ-கோலாவையும் பெப்சியையும் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளித்தனர். ஆந்திரப் பருத்தி விவசாயிகளும் அவ்வாறே செய்ததாகச் செய்தி வந்தது. பூச்சி ஒழிந்தது, மருந்தைவிடச் செலவும் குறைவு என்றனர் அவர்கள். முந்தைய ஆண்டில்தான் தில்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்திருந்தது. எனவே, பூச்சி சாவதில் வியப்பென்ன என்று கேலி பேசினர் பலர். கேலி சுவையானதே; ஆனால் அத்தனை நுண்ணிய அளவு எச்சம் வயற்பூச்சியைக் கொல்லப் போதாது. வேளாண் கொள்கை ஆய்வாளர் தேவிந்தர் சர்மா தந்த விளக்கமே பொருந்துகிறது: இனிப்பை நாடி எறும்புகள் வருகின்றன, வந்தவை புழுக்களைத் தின்கின்றன. (எறும்பையும் முழுதாக நம்புவதற்கில்லை. அசுவினி சுரக்கும் தேன்துளிக்காக அதைக் காத்து நிற்பதும் எறும்புதான்!)

இனி, வளர்ச்சிக்கு வருவோம். பயிர் தனக்கு வேண்டிய சர்க்கரையை ஒளிச்சேர்க்கையால் இலையிலேயே ஆக்கிக்கொள்கிறது. 100 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ளது. அக்கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தத்தைக் கணக்கிட்டால் சுமார் 7 வளிமண்டலம் வருகிறது. அதைத் தாண்டி வேர் நீரை இழுப்பது எளிதன்று; மண் காயக் காயக் கரைசல் இன்னும் செறிவாகும். மேலும், சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தம் உடலுக்கே பிடித்துக்கொள்கின்றன.

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உள்ளதே, அது மணிச்சத்து அன்றோ எனலாம். உண்மைதான். ஆனால் ஒரு கிலோ சூப்பர் பாஸ்பேட் தரும் மணிச்சத்தைப் பெறச் சில நூறு லிட்டர் கோலா வேண்டும்! கரியமில வாயுவையோ பயிர் இலைத்துளை வழியே காற்றிலிருந்து பெறுகிறது; வேரடியில் ஊற்றிய சோடாவின் குமிழி வீணே வெளியேறும்.

அப்படியானால் ஜீவாமிர்தத்தில் நம் விவசாயிகள் வெல்லம் சேர்ப்பதேன்? அங்கே 200 லிட்டர் நீருக்கு 2 கிலோ வெல்லமே சேர்கிறது. அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. அது நுண்ணுயிர்களுக்கான உணவு. அவற்றுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சாணமும் கோமியமும் பயறு மாவும் தந்துவிடுகின்றன. கோலாவில் சர்க்கரை பத்து மடங்கு, சாணமோ இல்லை.

ஐயமுள்ள நண்பர்கள் நான்கு தொட்டிகளில் ஒரே மண்ணிட்டுத் தட்டைப்பயறு விதைக்கலாம். முளைத்தபின் ஒன்றுக்கு நீர், ஒன்றுக்குப் பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசல், ஒன்றுக்கு வெறும் சோடா, ஒன்றுக்குக் கோலா எனச் சம அளவில் ஊற்றிவர வேண்டும். சர்க்கரைத் தொட்டியை விட்டுவிடலாகாது. அதுவும் கோலாத் தொட்டியும் ஒன்றுபோல வாடினால் காரணம் எதுவென்று விளங்கும். வாரந்தோறும் உயரத்தை அளப்பதோடு, எறும்பு வந்த நாளையும் குறித்துக்கொள்வது நலம்.