அணு உலைக்கும் தூர் வார வேண்டும்!

(அறிவியல் மன்ற மாணவியர்)

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். வெட்டாறு கடலோடு கலக்கும் நாகூரில் வாழும் எங்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால் அந்த நாள்கள் வீணான நாள்கள் அல்ல. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளுக்கு முன்பாக வாய்க்காலில் தூர் வாருவார்கள். மதகுப் பலகைகளைச் சரி பார்ப்பார்கள். உடைந்த கரைக்கு மண் அணைப்பார்கள். தண்ணீர் ஓடும்போது இந்த வேலையைச் செய்ய முடியாது. நிறுத்தினால்தான் செய்ய முடியும். நிறுத்திய நாள்களில் ஒழுங்காகச் செய்தால்தான் குறுவை கடைமடைவரை பிழைக்கும்.

எங்கள் வகுப்பில் மின்சாரப் பாடம் நடந்தபோது ஒரு தோழி எழுந்து, "சிஸ்டர், வாய்க்காலைத் தூர் வாரலாம். ரைஸ் மில்லை நிறுத்திவிட்டு ஓவராலிங் செய்யலாம். அணு உலை பழுதானால் உள்ளே யார் போவார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நீங்களே விடை தேடி வாருங்கள்" என்றார். அப்படித் தேடியபோது கிடைத்தவற்றையே இங்கே தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

உலையின் உள்ளே என்ன இருக்கிறது?

நம் கடற்கரையோடு வடக்கே சென்றால், சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே கல்பாக்கம் என்னும் ஊர் வரும். அங்கேதான் சென்னை அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 1983 ஜூலையிலும், இரண்டாம் உலை 1985 ஆகஸ்டிலும் முதன்முதலாக உயிர் பெற்றன.

உலையின் நடுவே படுக்கவைத்த பெரிய பீப்பாயைப் போன்ற ஒரு கலம் உண்டு. அதற்குக் கலாண்ட்ரியா என்று பெயர். அந்தப் பீப்பாயின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை 306 குழாய்கள் குறுக்கே செல்கின்றன. தேன்கூட்டைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் அதன் முகம் எப்படி இருக்கும் என்பது விளங்கும். ஒவ்வொரு குழாயின் உள்ளும் 12 யுரேனியக் கட்டுகள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒரு கட்டு என்பது அரை மீட்டர் நீளமுள்ள 19 குச்சிகளைச் சேர்த்துக் கட்டியது.

யுரேனிய அணு பிளக்கும்போது நியூட்ரான்கள் மிகுந்த வேகத்தோடு வெளிப்படுகின்றன. எறிபந்து ஆட்டத்தில் வேகமாக வரும் பந்து கைக்குத் தப்பிவிடும். மெதுவாக வரும் பந்து அகப்படும் அல்லவா? அதுபோல நியூட்ரானின் வேகம் தணிந்தால்தான் அடுத்த அணு அதைப் பிடித்துத் தானும் பிளக்கும். வேகத்தைத் தணிக்கக் கலாண்ட்ரியாவில் கனநீர் நிரப்பப்பட்டிருக்கிறது.

குழாய்களுக்குள் ஓடுவதும் கனநீரே. அது ஏறத்தாழ 290 டிகிரி செல்சியஸ் சூடாகியும் கொதிப்பதில்லை. காரணம், அழுத்தம். நம் வீட்டுக் குக்கரில் உள்ளதைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் அது ஓடுகிறது. அதனால்தான் அந்தக் குழாய்க்கு அழுத்தக் குழாய் என்று பெயர். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வேறொரு கலத்தில் சாதாரண நீர் ஆவியாகிறது; ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது; மின்சாரம் பிறக்கிறது.

குழாய்க்கு வந்த முதுமை

துணி காயப்போடும் கொடி நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அழுத்தக் குழாயும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் சூட்டையும் அழுத்தத்தையும் நியூட்ரான்களின் தாக்குதலையும் தாங்கித் தாங்கி அது நீளுகிறது, தொய்கிறது. அதைச் சுற்றிக் குளிர்ச்சியான வேறொரு குழாய் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காக நடுவே சுருள்வில் வளையங்களைப் போட்டிருந்தார்கள். தொடக்கக் கால உலைகளில் ஒரு குழாய்க்கு இரண்டு வளையங்களே இருந்தன. அவையும் இறுக்கமாக இராமல் இடம் பெயர்ந்தன. குழாய்கள் தொட்டுக்கொண்டால் தொட்ட இடம் குளிரும். அந்த இடத்தில் உலோகத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் வந்து சேரும். உலோகம் நொறுங்கும் தன்மை அடையும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. கனடா நாட்டின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்ட் 1-ஆம் நாள் இப்படியொரு குழாய் வெடித்துப் பிளந்தது. கல்பாக்கத்தின் முதல் உலை உயிர் பெற்று அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது! அங்கும் அதே இனக் குழாய்கள், சிர்க்கலாய்-2 என்னும் கலப்பு உலோகத்தால் ஆனவை, பொருத்தப்பட்டிருந்தன. என்றேனும் ஒருநாள் அத்தனையையும் மாற்றியே ஆகவேண்டும் என்பது அப்போதே தெளிவாயிற்று.

இதற்கிடையே 1980-களின் இறுதியில் வேறொரு பழுதும் நேர்ந்தது. கலாண்ட்ரியாவுக்குள் கனநீரைப் பிரித்து அனுப்பும் உள்ளமைப்பு விரிசல் கண்டது. அதனால் 235 மெகாவாட் எனத் திட்டமிட்ட உலையை 170 மெகாவாட் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏறக்குறைய கால் பங்குக்கும் மேல் ஆற்றல் குறைந்துபோயிற்று.

உள்ளே போனவர் யார்?

இந்தியாவில் முதன்முதலாக இவ்வாறு குழாய்களை ஒட்டுமொத்தமாக மாற்றியது ராஜஸ்தானத்து ராவத்பாட்டாவில் உள்ள இரண்டாம் உலையில். அந்த வேலை 1994-இல் தொடங்கி 1998-இல் முடிந்தது. நான்கு ஆண்டுகள் பிடித்தன. அங்கே கற்ற பாடம் கல்பாக்கத்துக்கு உதவியது. இங்கே இரண்டாம் உலையை 2002-இன் தொடக்கத்தில் நிறுத்தி, 2003-இலேயே மீண்டும் இயக்கிவிட்டார்கள். உடனே முதல் உலையின் முறை வந்தது. அதில் அழுத்தக் குழாய்களோடு, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ஊட்டுக்குழாய்களையும் மாற்றியதால் வேலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அந்த வேலையின் ஒழுங்கு இதுதான். முதலில் யுரேனியக் கட்டுகள் அனைத்தையும் வெளியே எடுப்பார்கள். பிறகு இரசாயனக் கரைசலால் குழாய்களைக் கழுவி, உட்புறத்தில் படிந்த கதிர்வீச்சுப் பொருள்களை அகற்றுவார்கள். கனநீரை வடித்து, ஒரு சொட்டும் வீணாகாமல் சேமிப்பார்கள். அதன்பின் குழாயின் இருமுனைப் பொருத்துகளையும் விடுவித்து, தனிக் கருவிகளால் பழைய குழாயை இழுத்துக் கனத்த காப்புப் பெட்டிக்குள் நுழைப்பார்கள். இறுதியில் புதிய குழாயைச் செலுத்தி, அதன் முனையை உள்ளிருந்து உருட்டி விரித்துப் பொருத்தோடு இறுக்குவார்கள். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, முந்நூறு முறை!

கருவி எட்டாத இடத்தில் மனிதர்தான் போகவேண்டும். ஆனால் நினைத்தவர் நினைத்தபடி போக முடியாது. நம் நாட்டு விதிப்படி ஒரு பணியாளர் ஐந்து ஆண்டுகளில் பெறும் கதிர்வீச்சு மொத்தம் 100 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டக்கூடாது. ஒவ்வொருவரும் மார்பில் அணியும் பட்டை அந்தக் கணக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வெளியே உலையின் முகத்தைப் போலவே ஒரு மாதிரியை அமைத்து, அதில் பலமுறை பழகிய பிறகே உள்ளே அனுப்புவார்கள். வெளியே பழகிய கை உள்ளே தடுமாறாது. சில நிமிடங்களில் முடித்துத் திரும்பும். தேர்வுக்கு முன் பலமுறை எழுதிப் பார்க்கச் சொல்லும் எங்கள் ஆசிரியைகளின் அறிவுரை எங்களுக்கு நினைவு வந்தது!

புதிய குழாய்கள் பழையவற்றைவிட உறுதியானவை. சிர்க்கோனியத்தோடு இரண்டரை விழுக்காடு நியோபியம் கலந்த உலோகம் அது. வளையங்களும் இரண்டுக்குப் பதில் நான்கு. இடம் பெயராதபடி இறுக்கமானவை. பூவாளியைப் போலத் துளையிட்ட குழாய்களைக் கலாண்ட்ரியாவுக்குள் பொருத்தி, கனநீர் பரவும் பழைய குறையையும் தீர்த்தார்கள். இரண்டு உலைகளும் 220 மெகாவாட் அளவுக்கு உயர்ந்தன.

பாகங்கள் எங்கிருந்து வந்தன?

எங்களை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான். ராவத்பாட்டாவின் முதல் உலை கனடாவின் துணையோடு கட்டப்பட்டது. 1974-இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தியபின் கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அந்த நாளில் கல்பாக்கத்தில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. இனி வாங்க முடியாது. செய்தாக வேண்டும் என்ற நிலை.

அப்படித்தான் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் இந்த வேலையைக் கற்றன. அழுத்தக் குழாய்கள் ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகத்தில் உருவாகின்றன. லார்சன் அண்டு டூப்ரோ, வால்சந்த்நகர் முதலிய நிறுவனங்கள் கலாண்ட்ரியா போன்ற பெருங்கலங்களைச் செய்யப் பழகின. ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர்., மும்பையின் கோத்ரெஜ் ஆகியவை நுண்ணிய பாகங்களைக் கடைந்து தருகின்றன.

நம் பக்கத்துத் திருச்சியை மறந்துவிடலாமா? அங்குள்ள பெல் ஆலையில் அணு உலைகளுக்கான நீராவிக் கலங்கள் செய்யப்படுகின்றன. அந்த ஆலையை ஒட்டித் துவாக்குடிப் பகுதியில் சிறு பட்டறைகள் பல எழுந்தன. தஞ்சை மாவட்டத்து இளைஞர் பலர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நல்ல பற்று கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாது. எக்ஸ்ரே படத்திலும் குறையின்றி இருக்கவேண்டும் என்று எங்கள் தோழி ஒருத்தியின் மாமா சொன்னார்.

இன்னொரு வியப்பு! சிர்க்கோனியத்தின் தாய்ப்பொருள் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அதைக் குழாய் செய்வதற்கு ஏற்ற உலோகமாக்கும் ஆலை ஒன்று தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் 2009-இல் தொடங்கப்பட்டது.

உதவியை நிறுத்திய கனடாவும் பிற்காலத்தில் இதே வேலையைத்தான் செய்தது. ஒன்டாரியோ மாநிலத்து டார்லிங்டன் நிலையத்தில் உலை ஒன்றுக்கு 480 குழாய்கள். அங்கே 2016-இல் தொடங்கிய மாற்று வேலையில் முதல் உலை 2020-இல் திரும்ப இயங்கியது. பெரும்பாலான பாகங்களை அந்த மாநிலத்துத் தொழிற்சாலைகளே செய்துகொடுத்தன. ஆக, எந்த நாடானாலும் பழுது பார்க்கும் கை பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விளங்குகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. அந்த நாளை நாகூரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. நாங்கள் அன்று பிறக்கவில்லை. ஆனால் அந்த நாளைப் பேசாத வீடு எங்கள் தெருக்களில் இல்லை.

அதே அலை கல்பாக்கத்தையும் தாக்கியது. முதல் உலை அப்போது குழாய் மாற்றத்துக்காகத் திறந்து கிடந்தது. இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்ததும் அந்த உலை நிறுத்தப்பட்டு, முறைப்படி குளிர்விக்கப்பட்டது. உலைக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்து மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டாம் உலை 2005 ஜனவரித் தொடக்கத்தில் மீண்டும் இயங்கியது. முதல் உலையில் குழாய் மாற்றமும் தொடர்ந்தது. இதைப் படித்தபோது எங்கள் மன்றத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

நாம் அறிய வேண்டியது

இத்தனை பாடுபட்டும் பழுது என்பது ஒருமுறையோடு தீர்ந்துவிடவில்லை. கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் மறுபடியும் நீண்ட நாள் நிறுத்தம் கண்டது. வெளியே எடுத்த பழைய குழாய்களையும் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கவேண்டும். கடலோர மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடாது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான விடை சொல்லவேண்டும். எங்கள் தோழி கேட்டதும் அப்படியொரு கேள்விதானே!

புதிதாக ஒன்றைக் கட்டும்போது அடிக்கல் நாட்டுவார்கள்; கல்வெட்டு வைப்பார்கள். பழுது பார்த்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஆயினும் தன் இயந்திரத்தைத் தானே பழுது பார்க்கத் தெரிந்த நாடுதான் அதற்கு உண்மையில் உரிமையுடையது. பழுது பார்க்கத் தெரியாதவன் இரவல் வாங்கியவனுக்கு ஒப்பானவன்.

தோழியரே! "உள்ளே யார் போவார்கள்?" என்று கேட்ட எங்கள் தோழி இப்போது, "பொறியியல் படித்து நானே போவேன்" என்கிறாள். அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் பயம், அப்பாவுக்குப் பெருமை. நாங்களோ, "அதற்கு முன் பள்ளித் தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறதே, அதைச் சரி செய்" என்றோம். அவளும் விடவில்லை, வாஷர் ஒன்றை வாங்கிவந்து மாற்றிவிட்டாள். இப்போது அந்தக் குழாய் ஒழுகுவதில்லை!