எட்டுப் பிக்சலும் ஒரே சுருதியில்

அன்புள்ள இளம் நண்பருக்கு,

பலூனில் ஏறி வானத்தைப் பார்க்கப்போகும் மீக்கடத்தி உணரிகளைச் செய்யப் புறப்பட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "இரைச்சல் வெப்பநிலை எவ்வளவு?", அதாவது உணரி தானே சேர்க்கும் இரைச்சல் எவ்வளவு என்றுதான் இருக்கும். தேவையான கேள்விதான். ஆனால் அதையே உங்கள் தொழிலின் உரைகல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள். உணரிகளின் அணியில் மிகச் சிறந்த பிக்சல் எது என்பதைவிட, எல்லாப் பிக்சல்களும் ஒத்திசைந்து, யார் கையும் எட்டாத உயரத்தில் எத்தனை நாள் நிலையாக உழைக்கும் என்பதே பெரிது. நான் சொல்லவருவது இது ஒன்றுதான்.

எங்கே, எதற்காகப் பறக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு குளிர்ந்து மேகமாவதையும், பிறந்த விண்மீன்கள் அந்த மேகத்தையே கலைப்பதையும் அறிய, அயனி நைட்ரஜனின் 205 மைக்ரான், அயனி கார்பனின் 158 மைக்ரான், அணு ஆக்ஸிஜனின் 63 மைக்ரான் கோடுகள் நமக்கு வேண்டும். தரைக்கு வருமுன் காற்றின் நீராவி இவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஹெர்ஷல் விண்கலத்தின் நுண்பிரிப்பு நிறமாலைமானி 1.9 டெராஹெர்ட்ஸோடு நின்றது. ஆக்ஸிஜனின் அந்த 63 மைக்ரான் (4.7 டெராஹெர்ட்ஸ்) கோட்டையும் பார்த்த சோஃபியா விமானம் 2022 செப்டம்பரில் பறப்பதை நிறுத்தியது. இந்த மூன்று கோடுகளையும் குறிவைத்து, 2023 டிசம்பர் 31 அன்று அண்டார்க்டிகாவின் மக்மர்டோ அருகிலிருந்து நாசாவின் கஸ்டோ பலூன் கிளம்பி, 57 நாள் பறந்தது. அத்தனை நாளும் அதன் உணரிகளைத் தொட்டுச் சரிசெய்ய எவருக்கும் வழியில்லை.

கஸ்டோவின் ஒவ்வோர் அலைவரிசைக்கும் எட்டுப் பிக்சல் அணி ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பிக்சலும் சில நானோமீட்டர் தடிமனே உள்ள நையோபியம் நைட்ரைடு படலம். திரவ ஹீலியக் குளிரில், மீக்கடத்தும் நிலைக்கும் சாதாரண நிலைக்கும் நடுவில் அதை நிறுத்துகிறோம். வானிலிருந்து வரும் அலையும் கருவிக்குள் நாம் உண்டாக்கும் அலையும் அதில் கலக்க, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கிகாஹெர்ட்ஸ் சைகையாக வெளியே வருகிறது. உள்ளே உண்டாகும் அந்த அலையை எட்டாகப் பங்கிட்டுத்தான் ஒவ்வொரு பிக்சலுக்கும் தருகிறோம். மின்னழுத்தத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் மாற்றலாம். பங்கிட்ட அந்த அலையை, அதாவது ஒளியை, அப்படி மாற்ற முடியாது. ஒரு பிக்சல் கூடுதல் ஒளி கேட்கிறதென்று கூட்டினால் மற்ற ஏழும் தம் நிலையிலிருந்து தள்ளிப்போகும். எனவே ஆகச் சிறந்த எட்டைவிட, ஒன்றையொன்று ஒத்த எட்டே மேல். மீக்கடத்தி உணரிகளில் மற்றொரு வகையான இயக்க மின்தூண்டல் உணரிகளிலும் இதே நியாயம் வேறு உருவில் வருகிறது. அங்கே நூற்றுக்கணக்கான ஒத்ததிர்விகள் ஒரே கம்பியில், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் பேசுகின்றன. படலத்தின் தடிமன் சற்றே பிசகினால் இரண்டின் அதிர்வெண் மோதும். இரண்டு பிக்சலும் வீண்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரைச்சலைப் பாதியாக்கினால் அளக்கும் நேரம் கால்பங்காகிறது. பிக்சல்களை இரட்டிப்பாக்கினால் பாதிதான் ஆகிறது. அப்படியிருக்க, தனிப் பிக்சலின் நுண்மையைத்தானே முதலில் தேட வேண்டும்? கணக்கு சரி. ஆனால் இரைச்சல் முழுக்கத் தற்செயலானது என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. ஒளித்திறனோ குளிரோ மெல்ல நகர்ந்தால் கருவியின் பெருக்கமும் நகரும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் சேர்த்தாலும் சராசரி தேறாது. நிலைத்தன்மை இல்லாத இடத்தில் நுண்மையின் இருமடி ஆதாயம் கைக்கு வருவதில்லை.

இன்னொரு மறுப்பு: புதியதைத் துணிந்து சோதிக்கத்தானே பலூன், அங்கே ஏன் இத்தனை எச்சரிக்கை? துணிவு வேண்டும்தான். ஹெர்ஷலின் ஸ்பையர் கருவிக்கான உணரிகளின் முன்மாதிரிகள் பிளாஸ்ட் என்ற பலூன் தொலைநோக்கியில் முன்பே பறந்தன. அது நல்ல துணிவு. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மீக்கடத்தி உணரிகளோடு 2020 ஜனவரியில் கிளம்பிய, அதன் வாரிசான பிளாஸ்ட்-டிஎன்ஜி ஒரு நாள்கூட முழுதாகப் பறக்கவில்லை. குறை உணரிகளில் இல்லை. அவற்றைச் சுமந்த சட்டகத்தில் இருந்தது. துணிச்சலைப் புதிய உணரியில் செலவிடுங்கள். அதைச் சுற்றியுள்ள எதிலும் செலவிடாதீர்கள்.

ஆகவே பல முறை குளிரூட்டிச் சூடாக்கி, மாறாத பிக்சல்களையே தேர்ந்தெடுங்கள். இயக்கப்புள்ளி நழுவினால் கருவி தானே மீட்டெடுக்கும்படி நிரல் எழுதி, தரையிலேயே அதைப் பலமுறை நழுவவிட்டுப் பாருங்கள். தோற்ற பிக்சலின் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படலத்தின் தடிமனை அதுதான் திருத்தும். 2006இல் கிளம்பிய பிளாஸ்ட் தரையிறங்கியபோது பாராசூட் கழலாமல், தொலைநோக்கியைப் பனியில் சுமார் 200 கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. தொலைநோக்கி சிதைந்தது. ஆனால் தரவு இருந்த கலம் பனியில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பறப்பின் ஆய்வுக்கட்டுரைகள் அதிலிருந்தே பிறந்தன. நீங்கள் செய்யும் உணரி ஒருவேளை திரும்பி வராது. அது நிலையாக உழைத்த ஒவ்வொரு மணி நேரமும் திரும்பி வரும்.

அன்புடன்,
உங்கள் துறையில் அக்கறை கொண்ட ஒருவர்