கெஜக் கணக்கில் ஒரு வாழ்க்கை

மாணவர்களே, பாட்டிமார் உடுத்தும் ஒன்பது கெஜப் புடவையை நீங்கள் கண்டிருப்பீர்கள். கெஜம் என்பது மீட்டரைவிடச் சற்றே குறைந்த அளவு. துல்லியமாகச் சொன்னால் 0.9144 மீட்டர். நம் நாட்டில் இன்று துணிக்கடையிலும் மனை விற்பனையிலுமே இச்சொல் பெரிதும் காதில் விழுகிறது. அமெரிக்காவிலோ ஒரு விளையாட்டு முழுவதும் கெஜத்தாலேயே அளக்கப்படுகிறது. அமெரிக்கக் கால்பந்து என்பது அதன் பெயர்.

பெயரில் கால் இருந்தாலும் அவ்விளையாட்டில் கைக்கே வேலை மிகுதி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். அல்லது எறிந்து பிடிப்பர். ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடுவரை ஆடுகளம் 100 கெஜம் நீளமுடையது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிட்டும். முன்னேறாவிடில் பந்து எதிரணியிடம் போய்விடும். பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியினரின் நடுவே புகுந்து ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பர். நாம் அவரை ஓட்டக்காரர் என்று அழைப்போம். கபடியில் பாடிச் செல்பவரைப் பலர் கூடி அமுக்குவதுபோல் இவரையும் அமுக்குவர். அமுக்குவோரில் பலர் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் என்பதையும் நினைவிற் கொள்க.

அத்தகைய ஓட்டக்காரர்களுள் ஒருவர் வால்டர் பேட்டன். மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பியா என்னும் சிற்றூரில், ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்தில் அம்மாநிலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. பள்ளியில் வால்டர் முதலில் கையிலெடுத்தது பந்தை அன்று, இசைக்குழுவின் முரசை. அண்ணன் எடி பள்ளி அணியின் நட்சத்திரமாக விளங்கியதால், அவர் படிப்பை முடித்துச் சென்ற பிறகே தம்பி ஆடுகளத்தில் இறங்கினார். 1970ஆம் ஆண்டில் அவ்வூரின் இரு பள்ளிகளும் ஒன்றாக்கப்பட்டன. அதுவரை ஒரே வகுப்பில் அமர்ந்திராத இரு இன மாணவர்களும் ஒரே அணியில் ஆடத் தொடங்கினர். அந்த அணியின் ஓட்டக்காரர் வால்டர்.

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் தமக்கு வேண்டிய வீரர்களைக் கல்லூரி அணிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சி வழியே நாடே காணும். சிறிய கல்லூரிகளின் ஆட்டங்களை அவ்வூரார் மட்டுமே காண்பர். தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழக அணிகள் அக்காலத்தில்தான் கறுப்பின வீரர்களை ஒருவர் இருவராகச் சேர்க்கத் தொடங்கியிருந்தன. வால்டர் 1971இல் அண்ணன் பயின்ற ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார். அது கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய கல்லூரி. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் அவ்வளாகத்தில் காவலர்கள் சுட்டதில் இளைஞர் இருவர் மாண்டிருந்தனர்.

சிறிய கல்லூரி என்றதும் அங்கே திறமையும் சிறிதாகவே இருக்கும் என எண்ணிவிடலாகாது. வால்டருடன் அங்கே ஆடிய ராபர்ட் பிரசீல், ஜாக்கி ஸ்லேட்டர் ஆகிய இருவரும் பின்னாளில் அவரைப் போலவே தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். பயிற்சியாளர் பாப் ஹில் கடுமையானவர். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒதுங்கித் தப்புவது பல ஓட்டக்காரர்களின் வழக்கம். அதனை ஹில் ஏற்கவில்லை. எதிரி தன்னைச் சாய்க்கவேண்டுமானால் அதற்கு அவன் வலி என்னும் விலை கொடுக்கவேண்டும் என்று கற்பித்தார். வால்டர் இறுதிவரை ஒதுங்காமலே ஓடினார். விடுமுறையில் ஊர் திரும்பினால் ஆற்றங்கரை மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பயில்வார்.

1975ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டின் கல்லூரி வீரர் அனைவருள்ளும் நான்காவதாக அவரைச் சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கெதிரான முதல் ஆட்டத்தில் எட்டு முறை பந்தேந்தி ஓடினார். ஆட்டத்தின் முடிவில் அவர் கடந்த தொலைவைக் கணக்கிட்டனர். விடை சுழியம்! முன்னே சென்ற கெஜங்களும் பின்னே தள்ளப்பட்ட கெஜங்களும் ஒன்றையொன்று கழித்துவிட்டன. அவருடைய சாதனைப் பட்டியல்களில் இந்தச் சுழியத்தையும் சேர்த்தே அச்சிடவேண்டும் என்பது இப்பாட ஆசிரியரின் கருத்து.

அணியும் அப்போது வலுவற்றது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977 நவம்பர் 20ஆம் நாள் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கெதிராக, குளிர்காய்ச்சலால் துன்புற்ற நிலையில் களமிறங்கிய வால்டர், நாற்பது முறை ஓடி 275 கெஜம் கடந்தார். ஒரே ஆட்டத்தில் அதுவரை எவரும் அவ்வளவு ஓடியதில்லை. அச்சாதனை 2000ஆம் ஆண்டுவரை நிலைத்தது. அப்பருவத்தின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருதும் அவரைச் சேர்ந்தது. களத்தில் இடிபோல மோதிய அவருக்கு நண்பர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஸ்வீட்னெஸ்', அதாவது 'இனிமை'!

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதின்மூன்று ஆண்டுகளில் வால்டர் பந்தேந்தி ஓடியது 3,838 முறை. கடந்த மொத்தத் தொலைவு 16,726 கெஜம். வகுத்தால் ஒரு முறைக்கு 4.4 கெஜம் வரும். பாட்டியின் புடவையில் பாதிகூட இல்லை. மொத்தத்தையும் கிலோமீட்டராக்கினால் பதினைந்தேகால் வரும். மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அந்தத் தொலைவுக்கு அவர் வாழ்வின் பதின்மூன்று ஆண்டுகள் செலவாயின. ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு ஒருமுறை யாரேனும் அவரை மண்ணில் சாய்த்தனர். அவரும் எழுந்து அடுத்த நான்கு மீட்டருக்கு ஆயத்தமானார். அத்தனை அடிகளுக்கு இடையிலும் காயத்தால் அவர் விளையாடாதிருந்தது முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டம் மட்டுமே.

கெஜத்தில் அடங்காத வேலை ஒன்றும் உண்டு. பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது, அவரைத் தாக்க வருவோரை மோதித் தடுப்பதே அது. தடுப்பவரின் பெயரில் ஒரு கெஜமும் எழுதப்படாது. புகழ்பெற்ற ஓட்டக்காரர் சிலருக்கு இவ்வேலையில் விருப்பமிராது. வால்டரோ இதனையும் முழு வலிமையோடு செய்தார். அவர் ஓடும்போது முன்னே சென்று வழி ஏற்படுத்தித் தந்தவர் மேட் சூஹி என்னும் வெள்ளையின வீரர். இருவரும் உற்ற நண்பர்கள்.

1984 அக்டோபர் 7ஆம் நாள், ஜிம் பிரவுன் என்னும் பெருவீரரின் 12,312 கெஜச் சாதனையை வால்டர் கடந்தார். 1986 ஜனவரி 26ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த 'சூப்பர் பவுல்' இறுதிப்போட்டியில் அவருடைய அணி 46-10 எனப் பெருவெற்றி பெற்றது. ஆயினும் அந்த 46 புள்ளிகளில் வால்டர் ஈட்டியது ஒன்றுமில்லை. எதிரணியினர் அவரைச் சூழ்ந்தே காவல் நின்றனர். அதனால் பிறருக்கு வழி திறந்தது. கோல் கோட்டருகே கிடைத்த வாய்ப்பொன்று கூட, பேருடல் கொண்ட புதிய வீரர் ஒருவருக்கு அளிக்கப்பட்டது. வால்டர் அன்று மனம் நொந்தார். பயிற்சியாளர் மைக் டிட்கா அதற்காகப் பின்னாளில் பலமுறை வருந்தினார்.

1988 ஜனவரியில் வால்டர் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அதில் அவர் அணி தோற்றது. எல்லாரும் கலைந்த பின்பும் அவர் தலையைக் கைகளில் தாங்கியவாறு களத்தோரப் பலகையில் நெடுநேரம் தனியே அமர்ந்திருந்தார்.

அதன்பின் பதினொரு ஆண்டுகளே கழிந்தன. 1999 பிப்ரவரியில் மெலிந்த உடலோடு செய்தியாளர்முன் தோன்றி, பித்தநாளங்களைச் சுருக்கிக் கல்லீரலைக் கெடுக்கும் அரிய நோய் தமக்கு வந்திருப்பதாக அறிவித்தார். அச்சமாக இருக்கிறதா என்று கேட்டவருக்கு, ஆம் என்றே மறைக்காமல் விடை கூறினார். வேறொருவரின் கல்லீரல் கிடைத்தால் பிழைக்கலாம் என்றிருந்த நிலையில் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. மாற்று அறுவைக்கு வழியில்லாமற் போயிற்று. தமக்குப் பயன்படாது என்று அறிந்தபின்பும் உறுப்புக்கொடை செய்யுமாறு மக்களை அவர் வேண்டினார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மறைந்தார்.

ஆடுகளத்துக்கு வெளியே மக்கட்பணி செய்யும் வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய 16,726 கெஜத்தை 2002 அக்டோபரில் எமிட் ஸ்மித் என்னும் வீரர் கடந்தார். கடந்தவர் கண்ணீரோடு வால்டரை நினைவுகூர்ந்தார்.

சொற்பொருள்

சுழியம் – பூச்சியம். ஆயத்தம் – அணியமாதல், தயார் நிலை. உற்ற நண்பர் – நெருங்கிய தோழர். பித்தநாளம் – பித்தநீர் செல்லும் குழாய். கொடை – ஈதல்.

பயிற்சி

1. எட்டு முறை ஓடியும் விடை சுழியமானது எவ்வாறு? கூட்டல், கழித்தல் குறிகளைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டு அமைத்து விளக்குக.

2. 'புதையப் புதைய' என்பது போன்ற அடுக்குத்தொடர்கள் மூன்றினை எழுதி, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைக்க.

3. இறுதிப்போட்டியில் அணி வென்றும் வால்டர் மனம் நொந்தது சரியா? வகுப்பில் இரு குழுவாகப் பிரிந்து உரையாடுக.