தண்ணீருக்குள் தண்ணீர் பீய்ச்சினால்?

கேள்வி: மோட்டார் போட்டதும் ஓஸ் பைப்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை பாயும் தண்ணீர், பைப்பைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் அடங்கிவிடுகிறதே. வேகம் எங்கே போகிறது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பங்கு போடப்படுகிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் வெளியே பாயும் தாரை காற்றைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. நீருக்குள் கதை வேறு. தாரையின் ஓரங்களில் சுழல்கள் எழுந்து, சும்மா கிடக்கும் நீரை உள்ளே இழுக்கின்றன. குழாய் விட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தூரம்வரைதான் நடுப்பகுதியின் வேகம் குறையாமல் இருக்கும். அப்புறம் தாரை கூம்பாக விரியும். அறுபது மடங்கு தூரத்தில் நடுவேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்று. நகரும் நீரோ பைப்பிலிருந்து வந்ததைப்போல் சுமார் 20 மடங்கு! மொத்த உந்தம் மட்டும் ஏறத்தாழ மாறுவதில்லை. வியப்பு என்னவென்றால், கொந்தளிப்பான தாரையை எவ்வளவு வேகமாகப் பீய்ச்சினாலும் கூம்பின் விரிவு கிட்டத்தட்ட 24 பாகைதான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மிச்ச உப்புநீரைக் கடலடி முனைகள் வழியே பீய்ச்சுவது இந்தக் கலக்கலுக்காகத்தான். தொட்டியில் குளோரின் கலக்க நீங்களும் பைப்பை அமிழ்த்தலாம். மோட்டாரை நிறுத்துமுன் வெளியே எடுத்துவிடுங்கள்; தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடலாம்.